நன்றி சொல்லக் கூடாத வீடு

எங்கள் அப்பாவுக்கு மனிதர்களை நம்பத் தெரியாது. இதை இன்னும் மரியாதையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா பூட்டையே நம்பமாட்டார். பூட்டு செய்தவன் தனக்கென்று ஒரு சாவி வைத்திருப்பான் என்பார்.

அவருக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். டெக்சாஸின் கிழக்கு ஓரத்தில், போர்ட் ஆர்தர் பக்கம், ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பரிசோதிக்கும் கான்ட்ராக்ட் இன்ஜினியர். சந்தேகப்படுவதற்கு அவர்கள் சம்பளம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மிச்ச நேரம் இலவசமாகச் சந்தேகப்பட்டார்.

டெக்சாஸில் வளர்ந்தேன் என்று நான் சொன்னால், இன்று டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் என் தெருவில் இருக்கிறவர்கள் தங்கள் தெருவைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள், வீட்டுக்கு வீடு கோலம், சனிக்கிழமை அனுமார் கோவில் பார்க்கிங்கில் சண்டை. போர்ட் ஆர்தர் பக்கம் அதெல்லாம் கிடையாது. இன்னொரு தமிழ் முகம் பார்க்க வேண்டுமென்றால் ஹூஸ்டன் பக்கம் கார் ஓட்ட வேண்டும். காற்றில் எப்போதும் அழுகின முட்டை வாடை. மழை பெய்தால் தண்ணீர் போக இடமில்லாததால் வீட்டுக்கு வீடு வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலும் அப்படி ஒரு வாய்க்கால். இந்தக் கதை முழுக்க அதைத் தாண்டுவதைப் பற்றியதுதான்.

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். கல்யாணமாகாத தம்பியோடு இருந்தார். தம்பியும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். அம்மா 'அந்தம்மா' என்பாள். நான் ஆன்ட்டி என்பேன். வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் சாயங்காலம் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் பேசினால் அது இங்கிலீஷ் இல்லை. பிரெஞ்சு. அமெரிக்காவில், ஆலைப் புகைக்குக் கீழே, ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் பேசுகிற பிரெஞ்சு. அவர்களைக் கேஜன் என்பார்கள், லூசியானாக்காரர்கள், எண்ணெய் வேலைக்காக எல்லையைத் தாண்டி வந்தவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்கு வயது பத்து. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் அவர்கள் குரல் இறங்கிவிடும். இரண்டு தலைகளும் கிட்டத்தில் வரும். பேச்சு முணுமுணுப்பாகிவிடும்.

"நம்மளப் பத்திதான் பேசுறாங்க" என்று அப்பா முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். அப்பா அவளை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பின்ன எதுக்கு இன்னொரு பாஷையில பேசணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கடையில் பில் போட வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் தொப்பையைப் பற்றி, அவர் தள்ளுவண்டியில் இருக்கிற சோடா பாட்டில்களைப் பற்றி, அவர் பெண்டாட்டியின் டவுசரைப் பற்றி அப்பா தமிழில் நேர்முக வர்ணனை செய்வார். அம்மா சிரிப்பை அடக்குவாள். தமிழ் என்பதே அடுத்தவன் முகத்துக்கு நேராக அவனைப் பற்றிப் பேச ஆண்டவன் கொடுத்த வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகவே பிரெஞ்சும் அதற்குத்தான் இருக்க வேண்டும். தன் வீட்டு அழுக்கை வைத்து அடுத்த வீட்டை அளப்பது என்றால் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஒரு தடவை பெட்ரோல் பங்கில் அவர் அம்மாவிடம் தமிழில் ஏதோ சத்தமாகச் சொல்ல, பக்கத்துப் பம்பில் நின்ற ஒருவன் திரும்பி, இங்கே இங்கிலீஷில் பேசு என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பங்குக்கு நாங்கள் போகவில்லை. வெளியில் அப்பாவின் வர்ணனையும் மெதுவாகிவிட்டது. அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதைத் தப்பான வீட்டில் கொண்டுபோய்ச் செலவழித்தார், அவ்வளவுதான்.

ஆன்ட்டி எங்கள் வாசலில் வெண்டைக்காய் கொண்டுவந்து வைப்பார். ஆடி ஓய்கிற சமயத்தில் அத்திப்பழம். அவர்கள் வெண்டைக்காயை இறாலும் மாவும் போட்டுக் கொழகொழவென்று குழம்பு வைப்பார்கள். அம்மா புளிக்குழம்பு வைப்பாள். அப்பா தொடமாட்டார். "வெள்ளைக்காரன் சும்மா எதுவும் குடுக்கமாட்டான்" என்பார். ஏதோ கறுப்பர்களும் நம்மவர்களும் அவருக்குச் சும்மா கொடுத்துக் குவித்துவிட்ட மாதிரி.

இந்த நிலைமையில்தான் அம்மாவுக்கு அக்கி வந்தது.

வலது இடுப்பிலிருந்து முதுகு வரைக்கும் கொப்புளம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொப்புளம் காய்ந்துவிட்டது, எரிச்சல் போகவில்லை. வாரங்கள் ஆகியும் போகவில்லை. நூல் பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி துடித்தாள். அப்பாவின் பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். முதுகை எதிலும் வைக்க முடியாது. காரில்கூட டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தே வருவாள். அவள் தூங்கவில்லை. அதனால் நாங்கள் யாருமே தூங்கவில்லை.

மானாமதுரையில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் அழுதாள். "அங்க இருந்தா வேளார் வீட்ல போயி அக்கி எழுதிட்டு வந்துருப்பேன்க்கா." மண்பானை செய்கிறவர்கள் காவிக்கல்லைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்களாம். அப்பா சோபாவிலிருந்தே கேட்டார், "சிங்கத்தப் பாத்து வைரஸ் பயந்துருமா?" அம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். ஈரத் துணி உடம்பில் படாமல் கையை எட்ட நீட்டி அம்மா படுகிற பாட்டை ஆன்ட்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டார். என்ன நோய் என்று கேட்கவில்லை. அவருடைய இங்கிலீஷ் இழுத்து இழுத்து, கடைசி எழுத்தை விழுங்கி வரும். அம்மாவுக்குப் புரியாது. நான்தான் துபாஷி. என்னை 'ஷா' என்று கூப்பிடுவார். அவர்கள் பக்கத்தில் கண்ணு, செல்லம் என்பதற்கு அப்படி.

இதற்குத் தான் பார்ப்பதுண்டு என்றார். மருந்து இல்லை, ஜபம். அப்படிப் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் மொழியில் 'த்ரேத்தேர்' என்று பெயர். ஆனால் சட்டதிட்டம் உண்டு. தானாக முன்வந்து செய்யக் கூடாது, நோயாளி கேட்க வேண்டும். வைத்தியம் பார்க்கத் தண்ணீரைத் தாண்டி வரக் கூடாது, நோயாளிதான் வர வேண்டும். மூன்று சாயங்காலம் அடுத்தடுத்து வர வேண்டும். எதுவும் கொடுக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: நன்றி சொல்லக் கூடாது. அதைத் தன் காதால் கேட்டுவிட்டால் செய்ததெல்லாம் போய்விடும். குணமாக்குவது கடவுள், அதற்கு நான் எப்படி வாங்கிக்கொள்வேன் என்றார்.

எனக்குத் தெரிந்த தமிழில் அத்தனையையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா யாரிடமும் ஒரு கைப்பிடி உப்புக்கூடக் கேட்காதவள். ஈரத் துணியைக் கூடையில் போட்டாள். வாய்க்கால் விளிம்புக்குப் போனாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். "ப்ளீஸ். டூ."

அன்றைக்குச் சாப்பிடும்போது விசாரணை நடந்தது.

"தண்ணியத் தாண்டக் கூடாதா? வெண்டைக்கா குடுக்க மட்டும் தாண்டி வந்தாளே?"

"அது வேறயாம்."

"என்ன வேற? நம்ம வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டா, நாம மட்டும் போயி நிக்கணும். இத நான் எங்க ஊர்லயே பாத்துட்டேன்." பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், "நன்றி வேணாங்கிறவந்தான்டி பெருசா எதையோ கேக்கப் போறான். வேணும்னு சொல்றவன்கிட்ட ஒரு தேங்க்ஸோட முடிஞ்சுரும்."

"எனக்கு எரியுதுங்க" என்றாள் அம்மா.

அப்பா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "பாப்பா கூடப் போகணும். அந்தம்மா என்ன சொல்லுது, என்ன குடுக்குது, எங்க தொடுது, எல்லாம் எனக்குத் தெரியணும்." சிறுவயதில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அதுதான். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்தநாள் ஆன்ட்டியின் தம்பி வாய்க்கால் மேல் ஒரு தடிப்பலகையைப் போட்டு வைத்தார், அம்மா வழுக்காமல் வருவதற்கு. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். பலகையின் முனை எங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்தியே அப்பா வீட்டு நிலத்தில் பாதியைத் தின்றவர். "இன்னைக்குப் பலகை, நாளைக்குப் பட்டா" என்றார். அது வாடகை வீடு என்று நான் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். நான் எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொல்வேன். அப்பா காதில் வாங்கவில்லை.

ஆன்ட்டி வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொசுவலை அடித்திருக்கும். உள்ளே வெங்காயமும் மாவும் எண்ணெயில் கருக வறுபடுகிற வாசனை. சுவரில் மாதா படம். அம்மாவை முக்காலியில் உட்கார வைத்து, டி-ஷர்ட்டை முதுகுப் பக்கம் தூக்கி, உள்ளங்கையைத் தோலுக்கு மிகக் கிட்டே கொண்டுபோனார். தொடவில்லை. நான் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். உதடு அசைந்தது. பிரெஞ்சு. கேட்கிற மாதிரிகூட இல்லை, மூச்சுக் காற்று மாதிரி இருந்தது. தன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், அம்மா மேல் போடவில்லை. முடிச்சுப் போட்ட ஒரு நூலை, எரிகிற இடத்தில் படாமல், அம்மாவின் இடுப்பில் இறக்கிக் கட்டினார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்மூரு மந்திரிச்ச கயிறுடி" என்றாள். முகத்தில் ஊரைப் பார்த்துவிட்ட ஒரு களை.

நான் போய் ஒப்பித்தேன். அப்பா எல்லாவற்றையும் உம் உம் என்று கேட்டார். கயிறு என்றதும் நிமிர்ந்தார்.

"என்ன கலர்?"

"ஒயிட்."

"கருப்பு இல்லையே?"

"நோ."

கொஞ்சம் நிம்மதியடைந்த மாதிரி இருந்தது. வைரஸ் சிங்கத்துக்குப் பயப்படாது என்று சொன்ன இன்ஜினியர் இவர்தான்.

இரண்டாம் நாள் நாங்கள் போனபோது ஆன்ட்டி போனில் இருந்தார். ஸ்பீக்கரில் மகள். இவர் பிரெஞ்சில் கேட்கிறார், மகள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். கேள்வி பிரெஞ்சு, பதில் இங்கிலீஷ். எங்கள் வீடுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலடி கேட்டதும் ஆன்ட்டி குரல் பழையபடி இறங்கியது. போனை வைத்ததும், பதவி கொடுத்த தைரியத்தில், நேராகவே கேட்டுவிட்டேன். எங்களைப் பார்த்தால் ஏன் மெதுவாகப் பேசுகிறீர்கள், எங்களைப் பற்றியா பேசுகிறீர்கள்?

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார். பள்ளிக்கூடம் சேர்த்தபோது அவருக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. பிரெஞ்சு பேசினால் டீச்சர் முட்டி போட வைப்பார். ஒருநாள் பாத்ரூம் போக வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பெஞ்சிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து வெளி ஆள் நிழல் விழுந்தால் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. நான் இறக்குவதில்லை ஷா, அதுவாக இறங்குகிறது என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் இதையும் ஒப்பித்தேன். "அவங்க நாட்லயே அவங்களுக்குத் தண்டனையா? கத வுடுறா" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் அம்மா தூங்கினாள். மல்லாந்து தூங்கினாள். முதுகு மெத்தையில் பட்டிருந்தது. அப்பா வாசற்படியில் நின்று அதை ரொம்ப நேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்குப் பயம் வந்துவிட்டது. குணமாகவில்லை என்றால் ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். குணமானால் என்ன செய்வது? பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருத்தி உதவி செய்துவிட்டாள். நாளைக்கு என்ன கேட்பாள்? சர்ச்சுக்கு வா என்பாளா, வாய்க்காலைக் கேட்பாளா? அதற்கு முன்னால் நாமே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

அலமாரியிலிருந்து பொன்னாடையை எடுத்தார். ஹூஸ்டன் பக்கம் ஒரு பொங்கல் விழாவுக்கு நாற்காலி ஏற்பாடு செய்து கொடுத்ததற்காக அவருக்குப் போர்த்தியது. பச்சைப் பட்டு, ஜரிகைக் கரை. அதை மடித்துத் தட்டில் வைத்து, மேலே ஆப்பிள், வாழைப்பழம், ஒரு பாக்கெட் முந்திரி.

அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டாள். "ஏங்க, வேணாங்க. சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் இன்னும் ஒரு தடவ இருக்குங்க."

"மரியாத தெரியாத குடும்பம்னு நெனைக்கவா?"

"நெனச்சா நெனைக்கட்டும்."

அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பலகை வழியாகப் போகவில்லை. கௌரவமாகத் தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். அம்மா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆன்ட்டி கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிற குரலில், "மேடம், ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபேமிலி" என்று ஆரம்பித்துப் பொன்னாடையை விரித்தார். ஆன்ட்டியின் கண் பெரிதாகியது. இரண்டடி பின்னால் போனார். கதவு படாரென்று மூடியது. உள்ளே பிரெஞ்சில் ஏதோ கத்தல். உடனே ரேடியோ அலற ஆரம்பித்தது. அக்கார்டியன், பிடில், மூக்கால் பாடுகிற ஒரு ஆள்.

அப்பா எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. மூடின கதவைப் பார்த்து, "தேங்க் யூ வெரி மச்" என்றார். தட்டைப் படியில் வைத்தார். பொன்னாடையைக் கைப்பிடியில் போட்டார். திரும்பினார்.

"பாத்தேல்ல? மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்துறா. மடியில கனம் இல்லாதவ எதுக்குக் கதவச் சாத்தணும்?"

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்றார். ஆன்ட்டி வீட்டுக் கிழட்டு வேட்டை நாய் பொன்னாடையை இழுத்துப் போட்டு அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது. ஜரிகை வெயிலில் மின்னியது. பக்கத்தில் வாழைப்பழத் தோல். தம்பி அந்த வழியாகப் போனவர், நாயைப் பார்த்தார், பொன்னாடையை எடுக்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்தார். இறங்கிப் போனார். பலகையை எங்கள் பக்கம் இழுத்துச் சுவரில் சாய்த்தார். உள்ளே வந்து, "இனிமே இந்த வீட்லருந்து யாரும் அங்க போகக் கூடாது" என்றார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு அப்பா போட்ட சட்டம் ஒரு பொருட்டாகவே இல்லை. "அவங்க காதுல விழுந்துருச்சா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினேன். "போயி கேட்டுட்டு வா. ஓடு." அவள் முகம் அப்படி இருந்ததை நான் முன்னால் பார்த்ததில்லை. மறுபடி அந்த நாற்காலி நுனிக்குப் போவதா இல்லையா என்பது என் வாயில் இருந்தது.

வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டி ஓடினேன். ஆன்ட்டி தாழ்வாரத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னது கேட்டதா என்றேன். அவர் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்ன, என்றார். இந்தத் தம்பி ரேடியோவை அலற விட்டிருந்தானே, எனக்கு என்ன கேட்கும்? உங்கள் அப்பா வாயைத் திறந்தது தெரியும். சட்டையில் நல்ல இஸ்திரி.

அந்தத் துணி? என்றேன். தம்பி மூலையிலிருந்து பதில் சொன்னார். எங்களுக்கு எதுவும் வரவில்லை. நாய்க்கு ஏதோ வந்ததாம், அது எங்களிடம் கணக்குச் சொல்வதில்லை.

திரும்பி ஓடி வந்தேன். "மா, ஷி டிடின்ட் ஹியர் எனிதிங்." அம்மா கொல்லைக் கதவைத் திறந்தாள்.

முந்தின நாள் பெய்த மழையில் வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். பலகை கனம், அவளால் தூக்க முடியாது. தூக்கிப் பார்க்கவும் இல்லை. நைட்டியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கினாள்.

"ஏய், எங்கடி போற?" அப்பா ஜன்னலிலிருந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. நான் பின்னாலேயே இறங்கினேன். காவல் வேலையிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை.

அந்தக் கரையில் ஆன்ட்டி வந்து நின்றார். நுனியில் நின்று, குனிந்து, கையை நீட்டினார். அம்மாவுக்கு எட்டவில்லை. ஒரு அடி தண்ணீரில் வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். வைக்கவில்லை. அம்மா வழுக்கி, ஒரு முட்டி ஊன்றி, முதுகை வளைக்கும்போது வலியில் பல்லைக் கடித்தாள். ஆன்ட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நீட்டின கையை இன்னும் எட்ட நீட்டினார்.

"பாரு! கை குடுக்கக்கூட எறங்கமாட்டா! பாரு!" என்று அப்பா பின்னால் கத்திக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நேரம் ஆன்ட்டி மேல் கோபம் வந்தது.

அம்மா தானாகவே ஏறினாள். மூன்றாவது ஜபம் நடந்தது. எங்கள் வீட்டு ஜன்னலில் அப்பாவின் உருவம் அத்தனை நேரமும் அசையாமல் இருந்தது.

வலி போய்விட்டது. ஒரே நாளில் இல்லை, மெல்ல மெல்லப் போனது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் கிட்டத்தட்ட அப்போதுதான் தீர்ந்தது. எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அப்பாவைக் கேட்டால் மாத்திரை என்பார். பொன்னாடையை நாய் எப்படி மதித்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

கோடை முடிந்தபோது அப்பாவின் கான்ட்ராக்ட்டும் முடிந்தது. டாலஸ் பக்கம் வேறு வேலை. லாரியில் சாமான் ஏற்றின அன்று ஆன்ட்டி பை நிறைய அத்திப்பழம் எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி எங்கள் வாசலுக்கே வந்தார். அம்மா பையை வாங்கினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கக்கூட இல்லை. இரண்டு பேரும் கல் மாதிரி எதிரெதிரே நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மருந்து முடிந்தால் பத்தியமும் முடிந்தது என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி நானாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். 'தேங்க்' வரைக்கும் வந்தது. அம்மா என் கையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை, நீலம் பாய்ந்துவிட்டது. ஆன்ட்டி சட்டென்று திரும்பி நடந்துவிட்டார்.

காரில் ஏறினோம். அப்பா ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்கு வந்தார். ஆன்ட்டி தன் வீட்டு முன்னால் நின்றிருந்தார், தம்பியும் நாயும் பக்கத்தில். கார் அவரைத் தாண்டும்போது கையை வாயின் இரு பக்கமும் குவித்து, பிரெஞ்சில் கத்தினார். நீளமாகக் கத்தினார். எதிர் வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவர் நிறுத்தவில்லை.

"பாத்தியா, போகும்போதும் திட்டி அனுப்புறா" என்றார் அப்பா.

"திட்டல" என்றாள் அம்மா.

"ஒனக்குப் பிரெஞ்சு தெரியுமோ?"

அம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழு முதுகும் சீட்டில் இருந்தது.

இப்போது அவள் என் வீட்டுச் சோபாவில் அதே மாதிரி சாய்ந்து சீரியல் பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் ஆன்ட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான் பேச்செடுத்தால், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போவாள். அடுப்பில் எதுவும் இருக்காது. ரொம்ப காலம் அவளை நன்றி கெட்டவள் என்றே நினைத்தேன். அவள் சொல்லாததை நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அன்று ஆன்ட்டி என்ன கத்தினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளி ஆள் நிழல் விழுந்தால் தானாக இறங்கிவிடும் என்று அவர் சொன்ன குரல் அது. பட்டப்பகலில், நடுத்தெருவில், எங்கள் முகத்துக்கு நேராக, அது இறங்கவில்லை. அதை யோசிக்கப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை ஏற்று பாப்பா என்றார் அப்பா. கிள்ளின இடம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா மேல் இருந்த கோபத்தில் நான் கண்ணாடியை முழுக்க ஏற்றினேன்.